குறைகள் குறைந்த வரலாறு

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு, வெளிச்சத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. இடம்: கனகராயன்குளத்தில் ஒரு பொது மண்டபம். நேரம்: பிற்பகல் இரண்டு மணி. நாயகர்: மீளாய்வு அதிகாரி வீரகத்தி. அவர் மூன்றரைக்குத்தான் வந்தார். வரலாறு காத்திருந்தது.

விடயம் லேசானதல்ல. நெல்லேற்றி ஏ9 வீதியில் உழவு இயந்திரங்கள் இழுத்துப்போகும் பெட்டிகளில் பின்விளக்கு எரிவதில்லை. இருட்டில் பின்னால் வருகிறவர்கள் போய் மோதுகிறார்கள். இந்த அவலத்தைத் துடைக்க 'ஒளிக்காவல்' என்றொரு கொம்பனி புறப்பட்டது. நாற்பத்திரண்டு பெட்டிகளின் பழைய விளக்குகளைக் கழற்றியது. புது விளக்குகளோடு பெட்டிக்கொரு கருவியையும் பூட்டியது. விளக்கு எரியாவிட்டால் கருவி உடனே கைப்பேசிக்குக் குறுந்தகவல் அனுப்பும். விளக்கு எரியாதுதான், ஆனால், எரியவில்லை என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். இதற்குப் பெயர் விஞ்ஞானம்.

அந்தக் கருவிகளைக் கொம்பனி ஒழுங்காகப் பராமரிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லவே வீரகத்தி எழுந்தருளியிருந்தார். பத்தொன்பது வருடச் சேவையில் ஒரு மீளாய்வையும் அவர் 'திருப்தி' என்ற சொல் இல்லாமல் முடித்ததில்லை. அன்றும் அந்தச் சொல்லைக் காலையிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

அறுவடைக் காலம். மண்டபத்தில் போட்டிருந்த அறுபது கதிரைகளில் 'பயனாளி' என்று வந்து உட்கார்ந்தவர் ஒருவரே: சிவரூபி. சொந்த உழவு மிசினைத் தானே ஓட்டுகிறவர். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். பொழுது சாயும் நேரம் அதை ஓமந்தைப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

"ஐயா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். பின்னுக்கு ரெண்டு சிவப்பு பல்ப் தாங்கோ. இவையள் பூட்டின விளக்குக்குக் கடைப் பல்ப் பொருந்தாது. இருட்ட முதல் போடவேணும்."

"கேள்வி நேரம் கடைசியில, பிள்ளை" என்றார் வீரகத்தி கருணையோடு.

கொம்பனியின் 'திருப்தி முகாமையாளர்' நிஷாந்தன் திரையில் ஒரு வரைபடத்தை ஏற்றினார். கோடு மலையுச்சியில் தொடங்கி, தரையில் வந்து படுத்திருந்தது.

"முதல் மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொரு குறை அறிவித்தல் ஐயா. எங்கட பராமரிப்புக்குப் பிறகு, போன மாதம்… பூச்சியம்!"

வீரகத்தியின் கண்கள் பனித்தன. 'குறைகள் குறைந்தன' என்று எழுதினார். அந்தச் சொல்லழகில் தானே ஒரு கணம் மயங்கினார்.

"எப்பிடித் தம்பி சாதிச்சனீங்கள்?"

"ஓயாமல் மெசேஜ் வருது எண்டு சனம் முறைப்பாடு ஐயா. கருவியில இருந்து விளக்குக்குப் போற வயரைக் கழற்றி, நேரா பற்றரியில குடுத்திட்டம். இனிக் கருவிக்கு எப்பவும் வெளிச்சம்தான், விளக்கு எரியுது எண்டே நினைக்கும்."

'நேரடி இணைப்புத் தொழில்நுட்பம்' என்று வீரகத்தி குறித்துக்கொண்டார்.

"கருவிக்கு வெளிச்சம். பின்னால வாற சனத்துக்கு?" என்றார் சிவரூபி.

"அக்கா, ஒப்பந்தத்தை வாசியுங்கோ. அறிவித்தல்தான் எங்கட பொறுப்பு. பல்ப் இல்லை."

"ரெண்டு மாசத்துக்கு முதல் முல்லைத்தீவுக் கிறிஸ்ரியண்ணை மீன் கொண்டு போகேக்க, மோட்டச்சைக்கிளோட வந்து என்ர பெட்டியில அடிபட்டவர். கால் ரெண்டு துண்டு. இன்னும் எழும்பேல்லை. அது ஆரின்ர பொறுப்பு?"

நிஷாந்தனின் முகம் மலர்ந்தது. "நல்ல காலம் ஞாபகப்படுத்தினீங்கள்! அண்டைக்கு விளக்கு அணைஞ்சு நாலே நாலு செக்கனில அறிவித்தல் போயிருக்கு ஐயா. இதுவரைக்கும் எங்கட ஆகக் கூடின வேகம்!"

"ஓம், போயிருக்கும். எனக்கு வந்தது நான் கிறிஸ்ரியண்ணையைத் தூக்கிக்கொண்டு நிக்கேக்க."

வீரகத்தி அந்த முறிந்த காலை 'வெற்றிக் கதைகள்' என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார்.

"ஐயா, வாசலுக்கு ஒருக்கா வாங்கோவன். சுவிச்சைப் போட்டுக் காட்டுறன்."

"களப்பார்வை அடுத்த காலாண்டில, பிள்ளை. இது மீளாய்வு."

கடிக்க றோல்ஸ் வந்தது. குடிக்கப் பிளேன்ரீ வந்தது. கையொப்பம் விழுந்தது. கடைசியில், கேள்வி நேரத்துக்கு நேரமில்லாததால், 'விளக்க அறிக்கை' வெளியிடப்பட்டது. இருநூறு பக்கம், எல்லாம் முன்கூட்டியே பதித்த ஓர் இறுவட்டில், அதாவது சீடியில். ஆளுக்கொன்று வீதம் நாற்பத்திரண்டும் வந்திருந்த ஒரே ஆளின் கையில் ஒப்படைக்கப்பட்டன.

"இதைப் போட்டுப் பாக்க எங்கட ஆக்களிட்ட ஒரு கொம்பியூட்டரும் இல்லை ஐயா."

"பாக்கத் தேவையில்லைப் பிள்ளை. கையில இருந்தாப் போதும்."

ஆறரை தாண்டி, வீரகத்தியின் வாகனம் வவுனியாவை நோக்கிப் பறந்தது. சாரதி யோசெப். பின்னிருக்கையில் வீரகத்தி கண்மூடி, தனக்கு வரப்போகும் பாராட்டுக் கடிதத்துக்கு வசனம் தேடிக்கொண்டிருந்தார். வீதி கறுத்துக் கிடந்தது. சந்திரனும் விடுப்பில்.

திடீரென்று, முன்னால் ஏழு நிறத்தில் ஒரு சுவர் பற்றி எரிந்தது!

யோசெப் பிரேக்கில் ஏறி நின்றார். சக்கரங்கள் அலறின. வாகனம் ஒரு நெல் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அலறல் கேட்டுப் பெட்டியும் நின்றது.

"மாதாவே… உது மினுங்காட்டி இப்ப நாங்கள் நெல்லுக்குள்ளதான் ஐயா" என்றார் யோசெப், நெற்றியில் சிலுவை போட்டபடி.

வீரகத்தி இறங்கினார். பெட்டியின் பின்பலகை முழுக்க, தங்கூசி எனும் நைலோன் நூலில் கோத்த இறுவட்டுகள் வாகன வெளிச்சத்தில் மினுங்கின. ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். 'விளக்க அறிக்கை. குறை: பூச்சியம்.' கீழே அவருடைய கையொப்பம். தன் அறிக்கையொன்று ஓர் உயிரைக் காப்பாற்றியதை அவர் கண்டது அதுவே முதல் தடவை. அதுவும் சொந்த உயிர்.

பெரிய மனிதர்கள் உணர்ச்சிவசப்படுவதில்லை. மறுநாள் காலை எட்டரைக்கே சிவரூபிக்குக் கடிதம் போனது: 'மீளாய்வு ஆவணத்தை வாசிக்காது வாகனத்தில் கட்டியமை பாரதூரமான குற்றமாகும். ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.'

மூன்றாம் நாள், அதே கடிதத்தின் பின்புறத்தில், பேசுகிறபடியே எழுதிய பதில் வந்தது:

'ஐயா, நான் விளக்குக் கேட்டனான். நீங்கள் விளக்கம் தந்தனீங்கள். தந்ததைத்தான் கட்டினனான். அதால நீங்கள் நடந்து திரியிறியள். கிறிஸ்ரியண்ணை அடிபட முதல் இந்த அறிக்கை வந்திருந்தால் அவரும் நடந்து திரிஞ்சிருப்பார். ரெண்டு மாசம் பிந்தினதுக்கு விளக்கம் தாங்கோ. எனக்கு இல்லை. அவற்ர காலுக்கு.'