இரண்டு பக்கமும் ஒரு சாண்

நாகல் நகர், திண்டுக்கல்.
தவக்காலத்து வியாழன், மதியம்.

அன்பு மாப்பிள்ளை பிரான்சிஸுக்கு, உன் அக்கா வீட்டுக்காரர் சூசைமுத்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்கா ஆனந்தமேரியும் நலம். காரும் நலம். கொடைரோட்டில் நீயும் பிள்ளைகளும் உன் திராட்சைப் பந்தலும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

போன வருடம் உன் பிள்ளை கோவிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், பந்தி முழுக்கக் கேட்கும்படி நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "ஏன் மச்சான், ஆயுசு பூரா பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்துனீங்களே, ஒரு காரை நேரா ஷெட்டுக்குள்ள விட முடியலையா?" அன்று வாயில் பிரியாணி இருந்ததால் பதில் சொல்லவில்லை. கேள்வியில் குற்றம் இல்லை. நல்ல கேள்விக்குப் பதில் நடந்துதான் வரும், ஓடி வராது என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். இன்று வந்துவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ காரை ஓட்டிப்போக வருவதாகவும், அதற்காக அங்கே ஷெட் கட்ட அஸ்திவாரக் கோடு போட்டுவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். உன் மேல் வருத்தம் இல்லை. "இன்னும் ஒரு கீறல் விழட்டும், வண்டி தம்பி வீட்டுக்குப் போயிரும்" என்று தீர்ப்புச் சொன்னவள் உன் அக்கா. ஆனால் மாப்பிள்ளை, எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. விடிகிற நேரத்தில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிறுமலை மேல் மேகம் இறங்கியிருக்க, ரயில் ஒன்று கூடவே வர, அம்பாத்துறை தாண்டி உன் வீட்டு வாசல்வரை மெதுவாக ஓட்டி வர வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்து இதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன். ஆனால் கோவிலுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் அப்பால் போனதில்லை. போவதில் பயமில்லை. போனால் திரும்பி வந்து ஷெட்டுக்குள் விட வேண்டுமே, அதுதான்.

ஸ்கூட்டர் காலத்தில் கட்டிய ஷெட் அது. முதலில் உன் அக்காவே எனக்குக் கருவியாக இருந்தாள். வாசலில் இறங்கிக்கொண்டு "வரட்டும், வரட்டும்" என்று கை காட்டுவாள். இடது பக்கம் சுவரில் உரசிய பிறகுதான் "நிப்பாட்டுங்க" என்பாள். முன்னாடியே சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, உரசினால்தானே உரசியது தெரியும் என்றாள். தர்க்கப்படி அது சரிதான். பிறகு அடுப்பில் வெஞ்சனம் கருகுகிறது என்று அந்த வேலையை விட்டுவிட்டாள். நான் தரையில் ஒரு செங்கல்லை வைத்தேன். சக்கரம் செங்கல்லில் தட்டினால் நிறுத்த வேண்டும் என்பது திட்டம். செங்கல்லோ வண்டியோடு சேர்ந்து மரியாதையாகச் சுவர்வரை நடந்து வந்தது. சரி, உரசினால் உரசட்டும், வலிக்காமல் உரசட்டும் என்று இடது சுவரில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டினேன். கீறல் நின்றது. ஆனால் பக்கக் கண்ணாடி மெத்தையைக் கிழித்துத் தன்னோடு இழுத்து வருவது தெரியாமல் ஞாயிறு பூசைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் பஞ்சு. வெயிலில் வெள்ளை வெள்ளையாக மிதந்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் தலையில் இறங்கி, எங்களுக்கு முன்னே கோவிலுக்குள் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் பனி பெய்தால் இப்படித்தான் இருக்கும் என்று நான் மெதுவாக ஓட்டினேன். உன் அக்கா முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பரணில் இருந்த கிறிஸ்மஸ் ஸ்டாரை எடுத்து ஷெட்டின் கூரையில் தொங்கவிட்டேன். முன்கண்ணாடி ஸ்டாரைத் தொட்டால் வண்டி நிற்க வேண்டும். சாயங்காலத்துக்கு உள்ளே பல்பும் போட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் ஷெட்டு கனவு மாதிரி இருந்தது. கீரை கொண்டு வரும் ஜக்கம்மாள் எட்டிப் பார்த்து, "சாரு, உங்க சாமி இந்த வருசம் ரெண்டு தடவ பொறக்குறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கென்று காற்று அடித்தது. ஸ்டார் இடது பக்கம் ஆட, நானும் நம்பிக்கையோடு இடது பக்கம் போனேன். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்த ஞானிகள் மூவரும் ஒட்டகத்தில் போனதால் தப்பித்தார்கள். ஒட்டகத்துக்குப் பக்கக் கண்ணாடி கிடையாது.

அந்தக் கீறலைத்தான் உன் அக்கா உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறாள். நான் எதிர்வீட்டு நூர் அகமது பாயிடம் போனேன். கார் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் முதலில் மாட்டிய சென்சார் சுவரைக் கண்டு கத்தியது, வாளியைக் கண்டு கத்தியது, பூனையைக் கண்டும் கத்தியது. கேள்வி கேட்கும் முன்பே கையைத் தூக்கும் பையன் வகுப்புக்கு ஒருவன் இருப்பானே, அப்படி. அடுத்து முன்னால் ஒரு கேமரா, உள்ளே ஒரு திரை. அதில் சுவர் வில்லாக வளைந்து தெரிந்தது. நேர்க்கோடு வளைவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கடைசியில் பாய் ஒரு சின்ன லேசர் விளக்கைக் கூரையில் பொருத்தி, காரின் பானெட் நடுவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். "செவப்புப் புள்ளி இந்த ஸ்டிக்கர் மேல விழுந்துச்சுன்னா நிப்பாட்டிருங்க சார், அம்புட்டுதான்" என்றார். எந்த இடத்தில் பொருத்துவது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு போட்டு, ஷெட்டின் அகலத்தை இருசமக்கூறிட்டு, துல்லியமாக நடுவைக் குறித்துக் கொடுத்தேன்.

இன்று மதியம் அது நடந்தது, மாப்பிள்ளை. உன் அக்கா கோவில் கூட்டத்துக்குப் போயிருந்தாள். ஜன்னல்களை இறக்கிவிட்டு, புள்ளியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தேன். சென்சார் தாலாட்டு மாதிரி முனகியது. புள்ளி ஸ்டிக்கரில் வந்து உட்கார்ந்தது. இன்ஜினை நிறுத்தினேன். இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். ஒரு கீறல் இல்லை. ஓட்டு இடுக்கு வழியே வெயில் இறங்கி, சிவப்புக் கதிரில் தூசி மெல்ல நீந்தியது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் ஊர்த் திராட்சைப் பந்தல்கள் கண்ணாடிக்கு வெளியே நகர்ந்து போவது போலத் தோன்றியது. ஆகவே கார் இனி என்னிடமே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ வீணாக அலைய வேண்டாம். எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் வீட்டுக்கும் கொடிக்கும் கன்றுக்கும் தேவதாய் துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
சூசைமுத்து

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் காருக்குள் உட்கார்ந்துதான் எழுதினேன். கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. என் வயிறு ஒரு சாணில் அடங்குகிறதில்லை; சீட்டுகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போகவும் அது விடவில்லை. இத்தனை நாளும் இடது சுவரை உரசி நிறுத்தியதால்தான் வலது பக்கம் இறங்க இடம் கிடைத்தது என்பது இப்போதுதான் விளங்குகிறது. வண்டியைப் பின்னால் எடுக்கலாம் என்றால், கேமராவும் திரையும் சென்சாருமாகச் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டன. நூர் அகமது பாய் நெய்க்காரப்பட்டியில் யாருக்கோ கேமரா மாட்டப் போயிருக்கிறார். கூட்டம் முடிந்து வந்த உன் அக்கா, முக்காலி போட்டு டிக்கி வழியாக ஏறி, டீயோடு பின் சீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏறத் தெரிந்தவளுக்கு முட்டுவலியோடு இறங்கத் தெரியவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ செத்த நேரம் அந்த வெயிலையும் தூசியையும் பார்த்துவிட்டு, "இப்ப எந்த ஊரு போயிக்கிட்டிருக்கோம்?" என்று கேட்டாள். அம்பாத்துறை தாண்டிவிட்டது என்றேன். "அப்ப வண்டி இங்கயே இருக்கட்டும். தம்பி வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள். கடிதத்தை அவளே போனில் படம் பிடித்து அனுப்புகிறாள். பின்னாலிருந்து இழுக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு இன்றே வா. அவசரமில்லை, இருட்டுவதற்குள் வந்தால் போதும். கார் வராவிட்டாலும் உன் ஷெட் வேலையை நிறுத்தாதே. கிளம்பும் முன் நீ போட்ட கோட்டுக்குள் கார் நிற்பதாக நினைத்துக்கொண்டு, அதன் கதவு இருக்கும் இடத்தில் நின்று, ஒரு கதவைத் திறந்து இறங்குவது போல் இறங்கிப் பார்.