குமிழ் சூட்டு விழா

மனித குலத்தின் மகத்தான சாதனைகளை எழுதப் புகும் எவரும் துடியலூர் 'பொற்கிளி அவென்யூ' குடியிருப்போர் நலச்சங்கத்தையும் அதன் தலைவர் கோவிந்தராஜுலுவையும் விட்டுவிட முடியாது. மற்ற ஊர்களில் ஏதாவது பழுதானால் உடனே சரிசெய்துவிடுவார்கள். பொற்கிளி அவென்யூவில் அப்படிப்பட்ட அவசர புத்தி கிடையாது. இங்கே பழுதுக்கும் ஒரு மரியாதை உண்டு.

சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் ஆம்புலன்ஸ் வேன் இருந்தது. அதை ஓட்டிவந்த கயல்விழி ஒருநாள் காலையில் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்க சார், கியர் லிவர் லொடலொடன்னு ஆடுதுங்க. ரெண்டாவது போட்டா நாலாவதுல போய் உழுகுது."

தலைவர் நேரில் வந்து லிவரைப் பிடித்து ஆட்டினார். சாம்பார் அண்டாவில் விட்ட கரண்டி மாதிரி அது எல்லாத் திசையிலும் தாராளமாகச் சுழன்றது. அடியில் அதை ஆடாமல் பிடித்திருக்கும் புஷ் என்கிற சின்ன வளையம் தேய்ந்துவிட்டது என்று தொட்டவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன? அவர் நடத்தும் லேத் பட்டறையிலேயே அந்த மாதிரி புஷ்களைக் கூடை கூடையாகக் கடைந்து பெருந்துறைக்கு அனுப்புகிறார்கள். ஒன்றை எடுத்து மாட்டினால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

"புஷ்தான் போயிருக்குது கண்ணு. ஆனா நானா முடிவெடுத்துப்போட்டா அது சர்வாதிகாரமாயிருமல்ல?" என்றார்.

அவருடைய ஜனநாயக உணர்வைக் கும்பிட்டுவிட்டு, கயல்விழி ஆடும் லிவரோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அவசரக் கூட்டம் கூடியது. 'கியர் நிலைப்பாட்டு ஆய்வுக் குழு' உதயமானது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் பாலுசாமி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு லிவரை நோட்டம் விட்டார். "தெக்கால சாயுதுங்க. வாஸ்துப்படி அது ஆகாது. வண்டியத் திருப்பி நிறுத்துங்க" என்றார். திருப்பி நிறுத்தினார்கள். லிவர் இப்போது வடக்கே சாய்ந்தது. குழு இதை 'கணிசமான முன்னேற்றம்' என்று பாராட்டியது.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஹாரிகா, "அங்கிள், மொதல்ல டேட்டா வேணுங்க" என்றாள். 'ஆம்புலன்ஸ் கியர் ஆடுகிறதா?' என்று வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு நடந்தது. 'ஆடவில்லை' அமோக வெற்றி பெற்றது. வாக்களித்தவர்கள் யாரும் அந்த வண்டியில் ஏறியதில்லை. ஏறிய ஒரே உறுப்பினர் இப்போது எந்தக் குழுவிலும் இல்லை.

"ஆடுதுங்களே சார்" என்றாள் கயல்விழி.

"மெஜாரிட்டி ஆடலைன்னு சொல்லியிருக்குது அம்மணி. உன்ற கைதான் ஆடுறாப்ல இருக்குது" என்றார் தலைவர்.

ஆனாலும் தலைவருக்கு இளகிய மனசு. எதையாவது மாற்றியே தீருவது என்று முடிவு செய்தார். புஷ் உள்ளே இருக்கிற சாமான். மாற்றினால் யாருக்குத் தெரியும்? மாற்றம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே லிவரின் உச்சியில் இருந்த பிளாஸ்டிக் குமிழைக் கழற்றிவிட்டு, தேங்காய்ப் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ், தம் பெயர் பொறித்து, பொருத்த ஏற்பாடு செய்தார்.

விழாவுக்குப் பந்தலும் நாதஸ்வரமும் அமர்க்களப்பட்டன. லிவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஒரு சமுதாயத்தின் பிடிப்பு அதன் பிடியில் இருக்கிறது!" என்று தலைவர் முழங்கியபோது கைதட்டல் அடங்கவே இல்லை.

விருந்தில் இரண்டாவது ஜிலேபியை எடுத்த தலைவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது. மனைவி ராமாமணி அலறினார். தூக்கி ஆம்புலன்ஸில் கிடத்தினார்கள். கயல்விழி முதல் கியரைப் போட்டாள். குமிழின் கனம் லிவரை எங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. வண்டி பின்னால் பாய்ந்து பந்தலைச் சாய்த்தது.

"முன்னால போ கண்ணு!" என்று முனகினார் தலைவர்.

"நான் முன்னாலதானுங்க போடறேன், அது ரிவர்ஸ்லயே உழுகுதுங்க!"

மறுபடி இழுத்தாள். லிவர் குமிழோடு கையில் வந்துவிட்டது.

தலைவர் மனைவியின் கையை இறுகப் பற்றினார். அதுவரை எந்தக் கூட்டத்திலும் கேட்காத சின்னக் குரலில், "ராமாமணி, நான் பொழைச்சுக்குவனா?" என்றார். அவர் கண்ணில் நிஜமான பயம் இருந்தது.

நல்லவேளையாக, காலிஃபிளவர் ஏற்றிக்கொண்டு வந்த காய்கறிக்காரர் நிஜாமின் சரக்கு ஆட்டோவை ராமாமணி நடுரோட்டில் நின்று மறித்தார். மூட்டைகளின் மேல் படுத்தபடி தலைவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர்.

உடம்பு தேறி வந்ததும் முதல் வேலையாகக் கூட்டத்தைக் கூட்டினார். ஆளே மாறியிருந்தார்.

"உசுரோட அருமை இப்பத்தானுங்க தெரிஞ்சுது" என்று தொடங்கினார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அந்த வண்டிய நம்பி இனி நம்மள்ல யாரும் ஏறக் கூடாதுங்க. அவங்கவங்க காரையும் டிரைவரையும் தயாரா வெச்சுக்கோணும். பெரிய ஆஸ்பத்திரி வண்டிக்கும் பேசி முடிச்சுப்போட்டேன்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கம்பி வைத்துக் கட்டிய லிவரோடு வேன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

வீடுகளில் பெருக்கித் துடைக்க வரும் வெங்கடம்மாள், காலி டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து கேட்டாள்: "ஏனுங்க, வேலைக்கு வார எங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னங்க பண்றது?"

கோவிந்தராஜுலுவின் முகம் கருணையால் கனிந்தது.

"என்னம்மா இப்பிடிக் கேட்டுப்போட்ட? உங்களுக்குத்தானே ஆம்புலன்ஸ் இருக்குது!"