மீந்த தக்காளியும் மாப்பிள்ளை போட்டோவும்

பெண் பார்க்க வரும் நாளில் ஒரு பெண் செய்யக்கூடாத காரியங்கள் பல உண்டு. அவற்றில் எந்தப் பெரியவரும் எச்சரிக்காத ஒன்றை நான் செய்தேன். அன்று காலை பார்த்து என் முதல் செயலியைக் கிளவுடில் ஏற்றினேன்.

நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து வெப்சைட் செய்துகொடுப்பது என் தொழில். ("பொண்ணு என்ன பண்ணுது?" என்று யாராவது கேட்டால் அம்மா, "வூட்லதான் இருக்குதுங்க, கம்ப்யூட்டர் பாக்குது" என்பார். டிவி பார்க்கிற மாதிரி.) கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வேலையை விடமாட்டேன் என்பது நான் போட்ட ஒரே நிபந்தனை. அதைக் கேட்டதும் வரன்கள் வந்த வழியே திரும்பின. மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருந்த ஒரு குடும்பம் மட்டும், என்ன வேலை என்று நேரில் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னது. எனக்கும் மாப்பிள்ளை போட்டோ பிடித்திருந்தது. ஆக, வேலையும் கல்யாணமும் சேர்ந்தே அன்று பரீட்சைக்குப் போயின.

காட்டுவதற்குத் தோதான ஒன்று என் கைவசம் இருந்தது. விலை விழுந்தால் எங்கள் பக்கத்தில் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அப்படி மீந்ததை விவசாயி போட்டோ எடுத்துப் போட்டால், வேண்டியவர்கள் ஒரு பொத்தானை அழுத்திக் கேட்கலாம். அதற்கான செயலி அதுவரை என் லேப்டாப்பில் மட்டுமே ஓடியது. ஊரில் எல்லார் போனிலும் திறக்க வேண்டுமென்றால், கிளவுட் கம்பெனிக்காரர்களின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால், சோதனைக்காக நாம் போட்ட பொய் விவரங்களைத் துடைத்துவிட வேண்டும். இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் துடைக்க உட்கார்ந்த நேரத்தில்தான் அம்மா கீழிருந்து, "பூவு வாடுதுடி, வந்து தலய வாரு" என்று கத்தினார். அப்படியே மொத்தத்தையும் ஏற்றிவிட்டு ஓடினேன்.

வந்தார்கள். காபி கொடுத்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா தன் போனை என்னிடம் நீட்டி, "எங்க, அந்த வேலயக் காட்டும்மா" என்றார். முகவரியை அடித்துக் கொடுத்தேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா இது?"

"தூங்குதுங்க. காசு கட்டாத எடம். கொஞ்ச நேரம் யாரும் வரலைன்னா தூங்கிடும். இப்ப எந்திரிச்சிடும்."

"பகல்லயேவா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா. எந்த மாமியாரும் கேட்டிருப்பார்.

எழுந்தது. எழாமலே கிடந்திருக்கலாம்.

திரை முழுக்க மாப்பிள்ளை. நீலச் சட்டை, பின்னால் ஸ்டூடியோ அருவி. கீழே நான் அடித்த விவரம்: 'தக்காளி. நாற்பது கூடை. நேற்றைய சந்தையில் மீந்தது. பேரம் உண்டு.' அதற்கும் கீழே பச்சை நிறத்தில் 'வேண்டும்' என்ற பொத்தான்.

போட்டோ ஏறுகிறதா என்று சோதிக்க ஏதோ ஒரு படம் தேவைப்பட்டிருந்தது. கையில் முதலில் அகப்பட்டதைப் போட்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பெரியவர் போனைச் சட்டென்று கீழே வைக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படித்து, மனைவியிடம் காட்டினார். அந்தம்மா மகனிடம் காட்டினார்.

நான் மாடிக்கு ஓடி லேப்டாப்பில் அதை அழித்துவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வந்து, "இப்பப் பாருங்க, போயிருக்கும்" என்றேன். போகவில்லை. நான் அழித்தது என் லேப்டாப்பில் இருந்ததை. கிளவுடில் மாப்பிள்ளை சிரித்தபடியே மீந்திருந்தார். (இவ்வளவு நாள் படித்த படிப்பு அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.)

அப்போதுதான் பெரியவர், வியாபாரி கை சும்மா இருக்குமா, அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

என் அப்பாவின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. விற்பவர் நம்பர் என்று சோதனைக்கு நான் கொடுத்திருந்தது அவருடையதை. எந்த மெசேஜ் வந்தாலும் அப்பா வாய்விட்டுத்தான் படிப்பார். படித்தார்: "உங்கள் மீந்த சரக்கை ஒருவர் கேட்டிருக்கிறார். உடனே அழைக்கவும்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "எம் பையன் மீந்து போனவனா? கெளம்புங்க, போலாம்."

"ஒக்காரும்மா" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எத்தன வூட்ல காபி குடிச்சிட்டு எழுந்து வந்திருக்கோம்? மண்டிக்காரன் வேணாம்னு எல்லாரும் மனசுக்குள்ள நெனச்சாங்க. இவங்க எழுதிப் போட்டுட்டாங்க, அவ்ளோதான்."

அவர் சிரிக்காமல் சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. வேலையும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம், இந்த மனுஷன் இப்படி நினைத்துக்கொண்டு எங்கள் படியிறங்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. அழுதுவிட்டேன்.

"தப்புதாங்க. ஆனா வேணும்னு போடலைங்க. கடைசியா எந்தப் படத்தத் தெறந்தமோ அதத்தான் கம்ப்யூட்டர் மொதல்ல காட்டும். நான் இதத்தான் தெனமும் தெறந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

சொன்ன பிறகுதான், அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை மறுபடி தரையைப் பார்த்தார். காது மட்டும் சிவந்திருந்தது. அவருடைய அம்மா மெதுவாக உட்கார்ந்து, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தார்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அமுக்குனா அடுத்த நிமிசம் மெசேஜ் வருது. வேல நல்லாத்தான் இருக்குது. கல்யாணத்துக்கு அப்புறமும் செய்யட்டும். மொதல்ல எம் பையன அதுலருந்து எறக்கும்மா."

இறக்கினேன். அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

மாரண்டஹள்ளி வந்து சில வருஷம் ஆகிறது. செயலியும் மாமனார் மண்டியில் ஓடுகிறது. ஆனால் புருஷனைப் பற்றி ஒரு குறை சொல்லும் உரிமை மட்டும் இந்த வீட்டில் எனக்குக் கிடையாது. ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறார், சொன்ன சாமானை மறந்துவிட்டு வருகிறார் என்று நான் வாயைத் திறந்தால் போதும், மாமியார் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே கேட்பார்:

"மீந்த சரக்குன்னு எழுதிப் போட்டது நீ. பேரமும் பேசாம எடுத்துக்கிட்டது நீ. இப்ப வந்து எங்கிட்டச் சொன்னா?"