மாமனார் தொங்குகிறார்

"மாமனாரு மறுபடி தொங்கிட்டாருடா. காலையிலேர்ந்து அசையவே இல்ல" என்று ஹெட்போனில் சொல்லிவிட்டு அவன் திரும்பினால், அறை வாசலில் டீ டம்ளரோடு மாமனார் நின்றுகொண்டிருந்தார். தொங்கவில்லை. நன்றாகவே நின்றார்.

"டீ" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதிதாக வரும் இணையதளங்களை எல்லா ப்ரவுசரிலும் திறந்து, எதில் எது உடைகிறது என்று பார்த்துச் சொல்வது அவன் தொழில். ஒரு ப்ரவுசரில் பொத்தான் ஒழுங்காக இருக்கும். இன்னொன்றில் அதே பொத்தான் பக்கத்துக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கும். நாளெல்லாம் இவற்றின் பெயர்களைச் சொல்லி அலுத்துப்போய், அவனும் கூட வேலை பார்க்கும் ஒல்லியும் எல்லாவற்றுக்கும் உறவுமுறை வைத்துவிட்டார்கள். பறந்து வந்து கணினியின் நினைவகத்தையெல்லாம் தின்று தீர்ப்பது மச்சான். எதையும் மறக்காதது அத்தை. மெதுவாகத் திறந்து எல்லாவற்றையும் சந்தேகப்படுவது மாமனார்.

நிஜ மாமனார் வங்கியில் பெட்டகச் சாவி வைத்திருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் லேசில் உள்ளே விடமாட்டார். பெண் கேட்டு இவன் போனபோது முதல் தடவை "சரிப்படாது" என்றார். அடுத்த தடவை கதவைப் பாதிதான் திறந்தார். அதற்கடுத்த தடவை அதுவும் இல்லை. இவனும் விடாமல் போய் நின்று நின்று, ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை அவர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்ற சொல் வந்ததில்லை. எதுவானாலும் சுவரிடம்தான் சொல்வார். மகள் வீட்டுக்கு அவர் வருவதே இதுதான் முதல் தடவை. மாமியாரும் கூட வந்திருந்தார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி கெஞ்சினாள். "அப்பா அவராவே வந்திருக்காரு. ஏன் வந்தாருன்னே தெரியல. தயவுசெஞ்சு எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க."

அவனுக்கும் அதே ஆசைதான். ஒரே ஒரு தடவை அவர் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டால் போதும்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். அந்த நேரம் பார்த்து ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்தது. ஒல்லியின் குரல் லேப்டாப்பிலிருந்து வீடு முழுக்கக் கேட்டது.

"யோசிக்காத! மாமனாரைக் கொன்னுட்டு மறுபடி எழுப்பு. நேத்து நானும் கொன்னேன், நல்லாத்தான் எந்திரிச்சாரு!"

"மெதுவாப் பேசுடா!"

"ஏன், மாமனாரு பக்கத்துல இருக்காரா?" ஒல்லி விழுந்து விழுந்து சிரித்தான். "என்னைக் கேட்டா மொத்தமாவே தூக்கிடலாம். யாரு தேடப்போறா?"

கதவுக்கு அந்தப் பக்கம் செருமல் கேட்டது. பெயரை மாற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றியது. குரலில் தேன் தடவிக்கொண்டான்.

"அப்படியெல்லாம் பேசக்கூடாது. முதல்ல பெரியவரை முடிச்சிடறேன். அப்புறம் அத்தையைப் பாத்துக்கலாம்."

கதவு திறந்தது. இந்தத் தடவை மாமியாரும் நின்றார்.

"என்னை என்ன பண்ணப்போறீங்க?" என்றார்.

இனி மறைத்துப் பயனில்லை. ஒல்லியின் வாயை அடைத்துவிட்டு, இருவரையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினான். "மாமா, அதெல்லாம் நீங்க இல்ல. இந்த ப்ரவுசருக்குத்தான் மாமனாருன்னு பேரு."

மாமனார் மானிட்டரைப் பார்த்தார். சுவருக்கு அடுத்தபடியாக அதுதான் வசதியாக இருந்தது. "ஏன் அந்தப் பேரு?"

விளக்கமே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது... ரொம்பப் பொறுப்பானது மாமா. கண்ட தளத்தையும் உள்ள விடாது."

சொல்லி வாய் மூடவில்லை, தொங்கிக்கொண்டிருந்த ப்ரவுசர் உயிர்பெற்றது. திரை முழுக்கச் சிவப்பாகி, பெரிய எழுத்தில் அறிவித்தது: 'இந்த இணைப்பு நம்பத்தக்கதல்ல. உடனே திரும்பிச் செல்லவும்.'

மூன்று பேரும் அதை வாசித்தார்கள்.

"அன்னிக்கு வாசல்ல வெச்சு நீங்க இவர்கிட்ட சொன்னது அப்படியே இருக்கு" என்றார் மாமியார்.

"நீ சும்மா இரு."

"இருக்கேன். அத்தைன்னு ஒண்ணு இருக்காமே, அது எப்படி?"

"நல்ல ஞாபகசக்தி அத்தை" என்றான். "ஒரு தடவை செருப்பு பாத்தோம்னா, அப்புறம் எங்க போனாலும் செருப்பையே எடுத்துக் காட்டும்."

"அது சரி" என்றார் மாமனார். மாமியார் முறைத்த முறைப்பில் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

உள்ளேயிருந்து பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. சாயங்காலம் மனைவி வந்து, "அப்பா எங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? ப்ரவுசர் தொங்கியதால் போய்விட்டார் என்றா?

மாமனார் பையோடு வெளியே வந்தார்.

"மாமா, போகாதீங்க! இப்பவே பேரை மாத்திடறேன். ஒல்லியோட அப்பா பேரை வெச்சுக்கறேன்!"

அவர் பையிலிருந்து பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துத் திறந்தார். மூலையில் ஒரு ப்ரவுசரின் படம் துள்ளிக்கொண்டிருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அதுக்கும் ஒரு பேரு இருக்கு" என்றார். பிறகு காது மடல் சிவந்து, மனைவி பக்கம் கையைக் காட்டினார். "நீயே சொல்லிடு." விறுவிறுவென்று பால்கனிக்குப் போய்விட்டார்.

அவன் திருதிருவென்று விழித்தான். மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"அதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு. எத்தனை தடவை வேண்டாம்னு அமுக்கினாலும், மறுநாளே வந்து 'என்னை ஏத்துக்கிறீங்களா'ன்னு நிக்குமாம். போன வாரம்தான் 'சரி'ன்னு அமுக்கிட்டு, 'கிளம்பு, பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வரலாம்'னாரு."