நான்காம் கவுண்டரின் இயற்கைச் சூழல்

ஜப்பானின் மேற்குக் கரையில், பெயரைச் சொன்னால் வருத்தப்படக்கூடிய ஒரு சிற்றூரில், நகராட்சி அலுவலகம் ஒன்று சீரோடும் சிறப்போடும் நடந்துவந்தது. அதன் நான்காம் கவுண்டரில் உட்கார்ந்து பிறப்பு, இறப்பு, வீடு மாற்றம் முதலியவற்றைப் பதிந்துவந்தவர் குராமோச்சி. நல்ல மனுஷர். மக்களோடு வாயாரப் பேச வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. கூடவே தீராத அக்குள் நாற்றமும் இருந்தது. ஆசை அவருக்கு மட்டும் தெரியும். நாற்றம் அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஊரில் யாரும் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அது நாகரிகமாம். ஆகவே கோடைக்காலப் பரிசு கொடுக்கும் நாள் வந்ததும், சக ஊழியர்கள் ஆளுக்கொரு சோப்புப் பெட்டியை அழகாகக் காகிதம் சுற்றி அவர் மேஜையில் வைத்தார்கள். குராமோச்சி உருகிப்போனார். பரிசு வாங்கினால் பதில் பரிசு கொடுப்பதல்லவா முறை? அவரும் ஆளுக்கொரு சோப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு வாரம் அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. அவரவருக்குத் தன்மேலேயே சந்தேகம்.

கடைசியில் பிரிவுத் தலைவர் மோதோஹாஷி அவரைக் கூப்பிட்டார்.

“குராமோச்சி-சான், இந்த வருஷம் காத்து எப்படி?”

“நல்லா இருக்கு தலைவரே.”

“ஜன்னல் எல்லாம் சரியாத் தெறக்குதா?”

“தெறந்தேதான் கெடக்கு. பனி கொட்டும்போதும் தெறந்து வைக்கிறாங்க. எனக்குத்தான் குளிருது.”

“உடம்பைப் பாத்துக்கங்க. குறிப்பா மேல் பாகம். அதுலயும் குறிப்பா ரெண்டு பக்கமும்.” சொல்லிவிட்டு ஒரு மருத்துவமனை அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். அட்டையில் தூக்கிய கை ஒன்றின் படம் இருந்தது.

குராமோச்சிக்குச் சுரீரென்றது. இத்தனை வருஷமாக ஜனங்கள் தன் கவுண்டரில் இரண்டு வார்த்தை பேசாமல் ஓடியது அவசர வேலையால் என்றல்லவா நினைத்திருந்தார்! பஸ்ஸில் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார் பாவம்.

மருத்துவமனையில் டாக்டர் ஷிமாபுகுரோ அவர் அக்குளில் ஒரு துண்டு மருத்துவத் துணியை வைத்து எடுத்து, ஆழமாக மோந்து பார்த்தார். சாட்சிக்கு நர்ஸும் மோந்து பார்த்துவிட்டு வெளியே போனாள்.

“ஐந்தாம் நிலை. இதுக்கு மேல நிலை கிடையாது,” என்றார் டாக்டர், மரியாதையாக. “காதுக்குள்ள அழுக்கு ஈரமா இருக்குமே?”

“இருக்கும் டாக்டர். காதும் நாறுதா?”

“இல்லய்யா. ரெண்டும் ஒரே பரம்பரை சமாச்சாரம். சரி, தடவுற மருந்து இருக்கு, குளிச்சாப் போயிடும். ஊசி இருக்கு, சில மாசம் தாங்கும். சூடு காட்டுற மெஷின் இருக்கு. உங்க தகுதிக்கு அதெல்லாம் போதாது. தோலைக் கீறி, உள்பக்கம் திருப்பி, நாத்தத்துக்குக் காரணமான சுரப்பிகளைக் கத்தரிச்சு எடுத்துடலாம்.”

“எடுத்தா ஜனங்க பேசுவாங்களா?”

“அது என் துறை இல்ல.”

கத்தரித்தார்கள். கட்டோடு கையைத் தூக்க முடியாமல் கொஞ்ச நாள் வீட்டில் கிடந்துவிட்டு, குராமோச்சி வேலைக்குத் திரும்பினார்.

அடேயப்பா, அதற்கப்புறம் அவருக்கு வந்த வாழ்வு! வீட்டு முகவரி மாற்ற வந்த தோகியே அம்மாள் மருமகனை அரைமணி நேரம் திட்டிவிட்டு, மறுநாள் சீமைப்பனிச்சம் பழத்தோடு வந்து மிச்சத்தையும் திட்டினாள். மனைவியின் இறப்பைப் பதிய வந்த மீன் வியாபாரி கவுண்டரில் சாய்ந்து அழுதார். குராமோச்சியும் கூடவே அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.

வருஷா வருஷம் இந்த அலுவலகமே வாங்கிவந்த மாகாணத்தின் விரைவுச் சேவைக் கொடி அந்த ஆண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. உடனே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. “நான்காம் கவுண்டரில் முன்னர் நிலவிய இயற்கைச் சூழல், பொதுமக்களைத் தேவையற்ற உரையாடலினின்றும் காத்துவந்தது” என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்தது.

மோதோஹாஷி டாக்டருக்குப் போன் போட்டார்.

“வெட்டினதைத் திரும்ப வைக்க முடியுமா?”

“குப்பைக்குப் போயாச்சு.”

ஆகவே சுற்றறிக்கை வந்தது: ஐந்தாம் நிலைச் சான்றிதழ் பெறும் ஊழியருக்கு நான்காம் கவுண்டரும் துணை இயக்குநர் பட்டமும் வழங்கப்படும். ஜன்னலைத் திறந்து வைத்த அதே ஆட்கள் குளிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனையில் வரிசை கட்டினார்கள்.

“நல்லா மோந்து பாருங்க டாக்டர்! எங்க அம்மா வழியில எல்லாருக்கும் உண்டு!” என்று மன்றாடினார் குழுவின் செயலாளர்.

“வெறும் வேர்வை வாடைதான் அடிக்குது. அடுத்த ஆள்.”

ஊழியர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டுமே என்று மோதோஹாஷியும் கையைத் தூக்கினார். ஐந்தாம் நிலை. நர்ஸ் வெளியே போனாள்.

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. அலுவலகத்துக்கு வந்து குராமோச்சியைத் தனியே அழைத்தார். “இத்தனை வருஷமா ஒருத்தர்கூடச் சொல்லலையேய்யா!”

“என்ன தலைவரே, தினமும்தான் சொன்னாங்க,” என்றார் குராமோச்சி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு. “நீங்க உள்ள வந்ததும் எல்லாரும் எழுந்து ரெண்டடி பின்னால போவாங்களே. மரியாதைன்னா நெனச்சீங்க?”

விதி விதிதான். தலைவர் கவுண்டருக்குப் போனார். கொடி திரும்பி வந்தது. இடமாற்றம் என்றால் இருவரும் மாறுவதே நடைமுறை என்பதால், குராமோச்சி தலைவர் நாற்காலிக்கு உயர்த்தப்பட்டார். பொதுமக்கள் யாரும் வராத, கதவு போட்ட அறை அது. கவுண்டரிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவர் கெஞ்சியதைத் தன்னடக்கம் என்று குறித்துக்கொண்டார்கள்.

முதல் நாள் காலையில், பேச யாராவது கிடைக்க மாட்டார்களா என்று புதிய தலைவர் ஊழியர்கள் பக்கம் வந்தார். எல்லாரும் எழுந்து நின்று, இரண்டடி பின்னால் போனார்கள்.

குராமோச்சி அவசரமாகத் தன் அக்குளை மோந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை.