பெயர் வெட்டப்படும்

பரீட்சையில் தமிழுக்கு எனக்கு அதிதிறமைச் சித்தி. அந்தத் தமிழால்தான் ஒரு மனுஷியின் காலை முறித்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியர். இருபத்திரண்டு வயதில் வேலை இல்லாத நான், சமூகத்துக்கு உதவலாமென்று பசறை பஸ் ஏறினேன். (சமூகம் கூப்பிடவில்லை.) அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில், பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பொதுமண்டபச் சுவரில் படம் வரைய இளைஞர் மன்றம் ஏற்பாடு செய்திருந்தது.

பெரியவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். கொழுந்தெடுக்கும் ராக்கம்மா அக்காதான் முதலில் உள்ளே வந்தார். முழங்கால் வீக்கத்துக்கு டாக்டர் ஒரு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்திருந்தார்.

"சும்மாதான இருக்கேன், குடுங்க தம்பி" என்று தூரிகையை வாங்கி, பிள்ளைகள் வரைந்த மயிலுக்குக் கால் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் பதினொரு பேர் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர்களைக் கௌரவிக்க வேண்டாமா? எங்கள் ஊர்க் கோயில்களில் உபயகாரரின் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். மயிலுக்குக் கீழே அப்படி வெட்டினால் என்ன? மன்றத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், காலையில் எல்லோரும் வேலைக்கு நிற்கும் பெரட்டுக் களத்தில் அன்று மாலையே அறிவித்தல் ஒட்டினேன்:

"மண்டபத்தில் படம் வரைந்த பெரியவர்கள் அனைவரின் பெயர்களும் வெட்டப்படும்."

(கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.)

தோட்டத்தில் பேர் வெட்டுவதென்றால் வேலையிலிருந்து நீக்குவது. பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். மறுநாள் காலை, ஓய்வில் இருந்துகொண்டு படம் வரைந்ததுதான் குற்றம் என்று பயந்து, ராக்கம்மா அக்கா வீங்கிய காலோடு மழையில் கொழுந்தெடுக்க மலையேறினார். வழுக்கி விழுந்து கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் நான் விளக்கம் சொன்னேன்.

"அத எழுதறதுன்னு சொல்லுவாங்க தம்பி" என்றார். பிறகு, "எம் பேரு இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். மூன்று தடவை கேட்டார். வெட்கத்தில் செத்தேன்.

அவர் பிறகு மலையேறவில்லை. காம்பராவைக் காப்பாற்ற, மகள் செல்வி சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தன் பேரைப் பதிந்தாள். சுவரில் பெயர் வெட்ட யாரும் சம்மதிக்கவில்லை.

வீட்டில் இன்றும் கலியாணத்துக்கு ஆட்களின் பெயர் எழுதும்போது, "பேனையை அவனிட்டைக் குடுக்காதேங்கோ, வெட்டிப்போடுவான்" என்பார் அம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

சில வருடங்களுக்குப் பின் செல்வி பதுளைக்கு எங்கள் வீடு தேடி வந்தாள்.

"அம்மா தவறிட்டாங்கண்ணே. புதன்கெழம கருமாதி." படியிறங்கியவள் திரும்பினாள். "மயிலு இன்னும் இருக்கு. அதுக்குக் கீழ அம்மா பேர வெட்டுங்க. இனிமே பயப்பட மாட்டாங்க."

உளியோடு போனேன். வெட்டுவதற்கு முன், எழுதிக்கொண்டு போனதைச் செல்வியிடம் காட்டிச் சரியா என்று கேட்டேன்.