என் மகள் இடைநின்ற வரலாறு

திருவண்ணாமலையில் உள்ள ஒரு கல்வி அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். பெயர் தருமன். இருபத்து மூன்று வருடங்களாகப் பிள்ளைகளின் கல்விக்காக ஓயாமல் உழைத்து வருகிறேன். இந்த இருபத்து மூன்று வருடங்களில் ஒரு பிள்ளையைக்கூட நேரில் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. அந்த அளவுக்கு வேலை.

ஆகவே, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அபிநயாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நான் எடுத்த முடிவைக் கோபத்தில் எடுத்த முடிவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சாதக பாதகங்களை ஆராய்ந்து, நன்கு பரிசீலித்து, அதன் பிறகுதான் கோபத்தில் எடுத்தேன்.

ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் அபிநயா தன் கணக்கு நோட்டை என் முன்னால் விரித்து வைத்தாள். முதல் மூன்று பக்கங்களில் கணக்கு இருந்தது. மீதிப் பக்கங்களில் கோலம்.

"இன்னாம்மா இது?"

"கணக்கு மிஸ் வர்லப்பா. கீர்த்தனா மிஸ். ஸ்கூல் தொறந்ததுல இருந்து மொத்தமே ஆறு நாள்தான் வந்தாங்க. எப்பப் பாத்தாலும் டூட்டின்னு எங்கியாச்சும் அனுப்பிடறாங்க."

"யாரு அனுப்பறது?"

"தெரியல. ஆபீஸ்ல இருந்து ஆர்டர் வருதாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன பொறுப்பில்லாத ஆபீஸ்! பத்தாம் வகுப்பு டீச்சரை ஊர் ஊராக அலைய விடும் அந்த ஆசாமி யார், அவனுக்குப் பிள்ளை குட்டி இல்லையா என்று என் மனைவி வேதாவிடம் அரை மணி நேரம் கத்தினேன். வேதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த வாரமே விதி என்னைச் செங்கம் ரோட்டுக்குக் கூட்டிப் போனது. ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடை. நாற்காலி கிடையாது, தரையில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். நம் வீட்டில் தரையில் உட்கார்ந்தால் ஏழ்மை, அங்கே உட்கார்ந்தால் ஞானம். வாசலில் 'பள்ளியிலிருந்து விடுதலை: இன்று மாலை கலந்துரையாடல்' என்று ஒட்டியிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பேசியவர் அருண்பிரசாத். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு, இங்கே வந்து கொண்டை போட்டுக்கொண்டவர்.

"பிள்ளைங்க செடி மாதிரி, சார். தண்ணி ஊத்திட்டுத் தள்ளி நின்னுடணும்."

"கணக்கு?" என்றேன்.

"தானா வரும். என் பையனுக்குப் பதினாலு வயசு. ரொட்டி சுடறான். மாவு அளக்கறான்ல? அதான் கணக்கு."

"பப்ளிக் எக்ஸாம்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சிரித்தார். "எக்ஸாம் யாருக்கு வேணும் சார்? பிள்ளைக்கா, உங்களுக்கா?"

எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சுற்றி இருந்த பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஆமோதித்தார்கள். நானும் ஆமோதித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஆமோதிப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அபிநயா அழாத குறை.

"நான் ஸ்கூலுக்கே போறேம்ப்பா. மிஸ் வராட்டியும் என் ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க. எல்லாரும் பப்ளிக் எழுதறப்ப நான் மட்டும் இன்னா பண்றது?"

"உனக்கு விடுதலை வேணாமா?"

"அல்ஜீப்ரா வேணும்."

மறுநாளே டி.சி. வாங்கினேன். மற்றவர்களுக்கு மூன்று நாள் ஆகும், எனக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. தப்புச் செய்வதைக்கூடத் தாமதமின்றிச் செய்ய முடிகிறதே என்று அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் பள்ளி தொடங்கியது. எதையும் முறைப்படி செய்து பழகியவன் நான். ஒரு கோப்பு திறந்தேன். வருகைப் பதிவேடு, விடுப்புப் பதிவேடு, பார்வையாளர் பதிவேடு, பள்ளி மணிக்குப் பதிலாகப் பூஜை மணி எல்லாம் தயார். பாடம் நடத்த மட்டும் ஆள் இல்லை. நான் ஒன்பதே காலுக்கு ஆபீஸ் கிளம்பிவிடுவேன். வேதா துணிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். பதிவேட்டில் 'தலைமையாசிரியர் வெளிப்பணி' என்று தினமும் எழுதிவிட்டுத்தான் போவேன். நேர்மை முக்கியம் அல்லவா?

சந்தேகங்களை எழுத்து மூலம் சமர்ப்பிக்கும்படி அபிநயாவுக்கு அறிவுறுத்தியிருந்தேன். முதல் மனு வந்தது. பொருள்: இருபடிச் சமன்பாடு, விளக்கம் வேண்டுதல். எடுத்துப் பார்த்தேன். முப்பது வருடம் முன்பு எப்படிப் புரியவில்லையோ அப்படியே இருந்தது. 'கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நினைவூட்டு ஒன்று வந்தது. நினைவூட்டு இரண்டு வந்தது. மூன்றாவதில், 'இதுக்காச்சும் பதில் போடுப்பா' என்று எழுதியிருந்தாள். அலுவலகக் கடிதத்தில் 'போடுப்பா' என்ற சொல் மரபுக்கு மாறானது என்று குறிப்பாணை வழங்கி, விளக்கம் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் களப்பயணம். கிரிவலப் பாதையில் நடந்தபடியே எட்டு லிங்கங்களை வைத்து எட்டுத் திசைகளையும் கற்பிப்பதாகத் திட்டம். அடி அண்ணாமலை போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியதால் புவியியலை நிறுத்திவிட்டு உயிரியலைத் தொடங்கினேன். இதயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையை வைத்தே காட்ட முடிந்தது. மீதித் திசைகளை ஷேர் ஆட்டோவில் முடித்தோம்.

அடுத்த வாரம் தொழிற்கல்வி. கீழ்பென்னாத்தூரில் வேதாவின் அண்ணன் கண்ணாயிரத்துக்கு நிலம் இருக்கிறது. வேர்க்கடலை, அதாவது எங்கள் ஊர் மல்லாட்டை, அறுவடைக்கு வந்திருந்தது. அபிநயாவை வயலில் இறக்கி விட்டேன்.

"இன்னா மாப்ள, பிள்ளைய மல்லாட்டை புடுங்க உட்டுட்ட?"

"வீட்டுக் கல்வி மச்சான். அனுபவப் பாடம்."

"போன வருஷம் எம் பொண்ணு ஒரு நாள் லீவு போட்டுட்டு மல்லாட்டை புடுங்குனா. அதுக்கு ஒன் ஆபீஸ்ல இருந்து ஜீப்பு வெச்சுக்கிட்டு வந்து எழுதினு போனாங்க. நான் உட்டா படிப்பைக் கெடுக்கறது, நீ உட்டா அதான் படிப்பா?"

"நோக்கம் வேற மச்சான்."

"மல்லாட்டைக்கு அது தெரியுமா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் அபிநயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பப்ளிக் எக்ஸாமுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள ஸ்கூல்ல இருந்து பேரு அனுப்பணுமாம். என் ஃப்ரெண்ட் சிந்துஜா சொன்னா. என் பேரு இல்லாம லிஸ்ட் போயிடும்ப்பா."

"தனித்தேர்வரா எழுதிக்கலாம்மா."

"எத எழுதறது? நீ பரிசீலனை பண்ணினு இருக்கியே, அந்த அல்ஜீப்ராவையா?"

அவள் கைகளில் மண் அப்பியிருந்தது, விரலில் ஒரு கொப்புளம். திங்கட்கிழமையே பள்ளியில் கொண்டு போய்ச் சேர்த்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் மகளை நிறுத்திய செய்தி கேட்டுச் செங்கம் ரோட்டில் அந்தப் பன்னிரண்டு பேரும் என்னைப் பாராட்டியிருந்தார்கள். வீம்பு விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸில் வருடாந்தர வேலை ஒன்று வந்து சேர்ந்தது. பள்ளி செல்லாப் பிள்ளைகளைப் போர்க்கால அடிப்படையில் கண்டறிய வேண்டும். அதற்காகக் கீழ்க்காணும் ஆசிரியர்கள் வகுப்புப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள் என்று ஓர் ஆணை. வருடா வருடம் அதே ஆணைதான். தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவேன். பெயர்களைப் பார்ப்பதில்லை. பெயர்களைப் பார்த்தால் தேதியில் கவனம் சிதறும்.

அந்த வாரக் கடைசியில் என் பள்ளிக்கு ஆண்டாய்வு நடத்த நானே அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். பதிவேடுகளைச் சரிபார்த்துத் திருப்தி தெரிவித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெயிலில் கறுத்துப்போன ஓர் இளம்பெண், கையில் படிவக் கட்டு.

"சார், உங்க வீட்ல ஸ்கூல் போகாத பசங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இது கல்வித் துறை வீடும்மா" என்றேன் கம்பீரமாக.

உள்ளேயிருந்து அபிநயா ஓடி வந்தாள். "கீர்த்தனா மிஸ்!"

"ஏய், நீயா? டி.சி. வாங்கினு போனியே, வெளியூர் போயிட்டன்னு நெனச்சேன். எந்த ஸ்கூல்ல சேந்த?"

"இந்த ஸ்கூல்தான் மிஸ்" என்று கூடத்தைக் காட்டினாள்.

கீர்த்தனா மிஸ் பூஜை மணியைப் பார்த்தார், பதிவேடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"காரணம் எழுதணும் சார். நாலுதான் இருக்கு. ஒண்ணு வறுமை, ரெண்டு வேலைக்குப் போறது, மூணு கல்யாணம், நாலு பெற்றோரின் அறியாமை."

"வீட்டுக் கல்வின்னு ஒரு கட்டம் இல்லையா?"

"படிவம் உங்க ஆபீஸ்ல போட்டதுதான் சார்."

நான் அடங்கிவிட்டேன். அபிநயா விடவில்லை. "மிஸ், ஒரே ஒரு டவுட். இருபடிச் சமன்பாடு." கீர்த்தனா மிஸ் தயங்கினார். இன்னும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. ஆனாலும் தரையில் உட்கார்ந்து, எழுதாத படிவம் ஒன்றைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். நாற்பது நிமிடம். என் மகளின் முகம் மெல்லத் தெளிந்து, கடைசியில் "இவ்ளோதானா மிஸ்!" என்று சிரித்ததை நான் பார்த்தேன். ஏழு வாரமாக என் பள்ளியில் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தி அவமானமாக இருந்தது.

போகும்போது படிவத்தை நீட்டினார். அடியில் 'மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்தேன்' என்று இருந்தது. வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் கழித்து எங்கள் அலுவலர் நந்தினி மேடம் கூப்பிட்டார்.

"இடைநிற்றல் பூஜ்ஜியம்னு அறிக்கை அனுப்பணும் தருமன். ஊர் பூரா தேடி ஒரே ஒரு பொண்ணுதான் மாட்டியிருக்கு. முகவரி உங்க தெருவாட்டம் இருக்கே?"

"என் வீடுதான் மேடம்."

"காரணம்னு நாலாம் நம்பர் போட்டிருக்கு."

நான் மேசை மேலிருந்த கோப்புகளை நேராக அடுக்கினேன்.

"பெற்றோரின் தொழில் கல்வித் துறைன்னு போட்டிருக்கு. கையெழுத்தும் உங்களுதுதானா?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன் மேடம்."

விதிமுறை விதிமுறைதான். பெற்றோருக்கு அறிவிப்பு தயாரித்து அனுப்பினேன். வீட்டில் பெற்றுக்கொண்டு ஒப்புகை கொடுத்தேன். விளக்கம் எழுதினேன். ஆபீஸில் அதைப் படித்து, விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை என்று குறிப்பு வைத்தேன். இறுதியில் மீட்புக் குழு மாலை, மேளம், பேனர் சகிதம் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. முதல் போட்டோவில் அதிகாரியாக நின்று அபிநயாவுக்கு மாலை போட்டேன். இரண்டாவது போட்டோவில் பெற்றோராகக் கைகட்டி நின்று அறிவுரை கேட்டேன். எதிர் வீட்டில் இருந்தவர்கள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அபிநயாவின் பெயர் பொதுத்தேர்வுப் பட்டியலில் ஏறியது. அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். இடைநின்ற மாணவியை மீட்ட என் சேவையைப் பாராட்டி ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 'இடைநிற்றல்: பூஜ்ஜியம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கூடத்தில் ஆணி அடித்து மாட்டினேன். வேதா அதன் மேல் சேலையைக் காயப்போட்டாள்.

அபிநயா பள்ளிக்குப் போன முதல் நாள் சாயங்காலம் ஆவலோடு கேட்டேன்.

"கணக்குப் பாடம் எப்படிம்மா?"

"மிஸ் வர்லப்பா. என்னைக் கண்டுபுடிச்சாங்கல்ல, அதனால பாராட்டி, மாவட்டம் பூரா தேடச் சொல்லி ஸ்பெஷல் டூட்டி போட்டுட்டாங்களாம். நோட்டீஸ் போர்டுல ஆர்டர் ஒட்டியிருக்கு. கையெழுத்தைப் பாத்தேன்."

யாருடைய கையெழுத்து என்று அவள் சொல்லவில்லை. வேதா பழையபடி அந்தப் பார்வையைப் பார்த்தாள். இந்தத் தடவை அர்த்தம் விளங்கியது.

"அப்ப அல்ஜீப்ரா?" என்றேன்.

"நாந்தான் போர்டுல போட்டுக் காட்டினேன். மிஸ் படிவத்துக்குப் பின்னால போட்டுக் குடுத்தத வெச்சுதான். எங்கடி கத்துக்கினன்னு எல்லாரும் கேட்டாங்க. ஸ்கூல உட்டு நின்னேன், மிஸ் வீட்டுக்கே வந்து சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்னேன். இப்ப கிளாஸ்ல முப்பத்தெட்டுப் பேரும் ஒண்ணு கேக்கறாங்கப்பா."

"இன்னா கேக்கறாங்க?"

"நாளைல இருந்து அவங்களும் நின்னுட்டா, மிஸ் அவங்க வீட்டுக்கும் வருவாங்களானு." சான்றிதழின் மேல் கிடந்த சேலையை ஒதுக்கி, பூஜ்ஜியத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "எழுத்து மூலமாத்தான் கேக்கணும்னு சொல்லிடட்டுமாப்பா?"